ஏழாவது பாட்டில் உடைந்தது

தட்டை நழுவவிட்டவள் நான்தான்.
டுலூத் நகரம், பிப்ரவரி,
கதவைத் திறந்தால் மூக்குமயிர் விறைக்கும் வியாழக்கிழமை.
'அதர் டெர்ரீஸ்' வாசித்துக்கொண்டிருந்தார்கள்;
நாலு பேரில் ஒருவருக்கும் டெர்ரி என்று பெயரில்லை.
கூட்டம் நூற்றுப்பத்து.
கோட்டுகளை வாங்கி வில்லை கொடுத்தவளும் நான்தான்,
அதனால் தெரியும்.

கூரையிலிருந்து இரண்டு மைக் தொங்கின.
லைவ் ஆல்பம், ஐஸைப் பார்த்து அள்ளு
என்றான் முதலாளி ஆர்லோ.
பார்த்துத்தான் அள்ளினேன்.
ஆறு பாட்டு முடியும்வரை
கைக்குழந்தை தூங்கும் வீட்டில் நடப்பதுபோல் நடந்தேன்.

ஏழாவதற்கு சிக்னி கிட்டாரைக் கழற்றிக் கீழே வைத்தாள்.
டிரம்ஸ் ஓய்ந்தது. பேஸ் ஓய்ந்தது.
வெறும் தொண்டை.
அவள் தம்பி மார்ச் மாத ஏரிமேல் நடந்துபோனதைப் பற்றிய பாட்டு.
பாட்டில் தம்பி இல்லை, ஏரி இல்லை, மார்ச்சும் இல்லை.
ஊருக்குத் தெரியும், போதாதா.
ஒரு வரி முடித்து
அடுத்த வரிக்கு மூச்சை இழுத்தாள்

பதினொரு கிளாஸ்.

ஈரக் கை. அவ்வளவுதான் காரணம்.

அக்டோபரில் ஆல்பம் வந்தது.
சிகாகோ பத்திரிகைக்காரர் எழுதினார்:
'பனி உடைவதைக் கண்ணாடியால் சொன்ன துணிச்சல்.'
போர்ட்லாண்டிலிருந்து ஒருவர்:
'மலிவான நாடகம். துக்கத்துக்கு எதற்கு ஒலி அமைப்பு?'
இரண்டரை நட்சத்திரம் கொடுத்திருந்தார்.
அரை நட்சத்திரத்தை எதைக்கொண்டு வெட்டுகிறார்களோ.
லண்டன்காரர் ஒரு பத்தி முழுக்க
அதற்கப்புறம் வரும் நாலு விநாடி மௌனத்தைப் புகழ்ந்தார்.
அந்த நாலு விநாடியும்
நான் முட்டிபோட்டுத் துடைப்பம் தேடிக்கொண்டிருந்தேன்.
உள்ளூர்ப் பேப்பர் மட்டும்
பார்க்கிங் வசதி போதவில்லை என்றது.

மௌனத்தின் கடைசியில் ஒரு சின்னச் சத்தம் வரும்,
ஹெட்போன் போட்டால் கேட்கும்.
விம்மல் என்கிறது சிகாகோ.
சிரிப்பு என்கிறது லண்டன்.
'ஹுல்டா, கையைப் பார்த்து' என்றாள் சிக்னி.
சொல்லிக்கொண்டே மைக்கை விட்டு என் பக்கம் திரும்பியதில்
சிக்கியது அந்த 'ஹு' மட்டும்.

ஆர்லோ சம்பளத்தில் நாற்பத்துநாலு டாலர் பிடித்துக்கொண்டான்.
செய்கூலி அவர்களுக்கு, சேதாரம் எனக்கு.
பேஸ் வாசிக்கும் வெர்னுக்கு யார் சொன்னார்களோ,
ஒரு கவரில் ஐம்பது வைத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.
மிச்சம் ஆறு டாலரோடு நான் வாசலுக்கு ஓடியபோது
வேன் மலையேறிக்கொண்டிருந்தது.

பிறகு மினியாபோலிஸ். இதுவும் வெர்ன் சொன்னதுதான்.
ஏழாவது பாட்டுக்கு அரங்கமே மூச்சைப் பிடித்ததாம்,
அவளுக்காக இல்லை, கிளாஸுக்காக.
சரியாக அந்த இடத்தில் எவனோ பாட்டிலைப் போட்டான்.
விசில், கைதட்டல்.
சிக்னி குனிந்து கிட்டாரை எடுத்து மாட்டினாள்,
எட்டாவது பாட்டுக்குப் போய்விட்டாள்.
அதன்பின் எந்த ஊரிலும் அதைப் பாடுவதில்லை.
இருப்பது ரெக்கார்டில் இருப்பதுதான்,
என்னையும் சேர்த்து.

போன வாரம் கலமசூவிலிருந்து ஒரு பையன் வந்தான்.
ஆறு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் உட்கார்ந்த முகம்.
எந்த இடம் என்று கேட்டான்.
கழிப்பறைப் பக்கத்துத் தூணைக் காட்டினேன்.
நிஜ இடத்தில் பியர் பெட்டிகளை அடுக்கியிருக்கிறோம்,
தினமும் அவற்றை நகர்த்திக் காட்ட என் முதுகு ஒத்துழைக்காது.
பாவம், குனிந்து பலகையைத் தொட்டுப் பார்த்தான்.
போட்டோ எடுத்தான்.
அப்புறம் ஒரு பியர் குடித்து
காலிக் கிளாஸைத் தானே எடுத்துவந்து
இரண்டு கையாலும் பிடித்து
கவுன்டரில் வைத்தான்.